கொன்வோய் என்ற சொல்

யாழ்ப்பாணத்தில் பதினொரு வருசம் வரலாறு படிப்பித்தவள் நான். ஒக்லாந்துக்கு வந்த பிறகு மூன்று வருசமாக ஒனிஹங்காவில் ஒரு தொழிற்சாலையில் பிஸ்கட் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். இங்கே ஆசிரியையாகப் பதிய வேண்டுமென்றால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பின்வரிசையில் ஒரு பெண்மணி இருந்து புள்ளி போடுவார். தேறினால் தொழிற்சாலையை விடலாம். தேறாவிட்டால் இன்னொரு வருசம் பெட்டிதான். உண்மையைச் சொன்னால், அதற்குள்ளேயே களைத்துப் போயிருந்தேன்.

எனக்கு வாய்த்த பாடம், காலனி நாட்டுக் கடல்களில் வணிகக் கப்பல்களைக் கொள்ளைக்காரரிடமிருந்து பிரித்தானியக் கடற்படை காப்பாற்றிய கதை. நேவி காப்பாற்றியது என்று வாய் கூசாமல் சொல்லப் பழகவே ஒரு கிழமை பிடித்தது. எங்கள் கரையில் இலங்கை நேவியைக் கண்டால் மீன்பிடிக்கப் போனவர்கள் வலையை அறுத்துவிட்டு ஓடி வருவார்கள். ஆனாலும் பாடமாக்கிவிட்டேன்.

முதல் இருபது நிமிடம் நன்றாகத்தான் போனது. பலகையில் கப்பல்களைக் கீறினேன். தனியே போனால் கொள்ளை போகும், அதனால் சரக்குக் கப்பல்கள் போர்க்கப்பலின் காவலில் கூட்டமாகப் போகும், அதற்குப் பெயர் கொன்வோய் என்றேன். முன்வரிசையில் ஒரு பிள்ளை கையைத் தூக்கியது.

"மிஸ், எதிரே கொன்வோய் வந்தால் மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும்?"

"ரோட்டை விட்டு இறங்கி வாய்க்காலுக்குள் குப்புறப் படுக்க வேண்டும்," என்றேன்.

வகுப்பே சிரித்தது. கடலில் ஏது ரோடு? எங்கள் ஊரில் கொன்வோய் என்றால் ஆமி வண்டிகளின் வரிசை. வழியில் கண்ணிவெடி வெடித்தால் கண்ணில் பட்டவரையெல்லாம் சுடுவார்கள். வாய்க்காலுக்குள் இறங்கப் பிந்தியவர்களில் எங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒருவன். யோசிக்க முன்னமே பதில் வாயில் வந்துவிட்டது. பின்வரிசையில் பேனை ஓடியது.

வீட்டுக்கு வந்ததும் என் மனுசன், "இஞ்சேரும், என்ன மாதிரிப் போச்சுது?" என்று கேட்டார்.

"நாசமாப் போச்சுது."

அவர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. தேறவில்லை. காரணமும் எழுதியிருந்தது: பாடத்தின் முக்கியமான சொல் ஒன்றின் பொருளை இவர் அறியவில்லை.

சமையலறையில் நின்றபடியே இரண்டு தரம் வாசித்தேன். அந்தச் சொல்லின் பொருள் தெரியாமலா நான் என் தம்பியைச் சுடலையில் எரித்துவிட்டு இந்த நாட்டுக்கு வந்தேன்?