ஆமைக்கு ஏற்ற மண்

என் அத்தானுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் ஆயிரம் உண்டு. ஆனால் கறை என்று வந்துவிட்டால் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அக்காவைக் கட்டுவதற்கு முன்பிருந்தே டிரை கிளீனிங் கடையில் வேலை. குடும்பப் புகைப்படத்தைக் காட்டினால்கூட யார் சட்டையில் என்ன சிந்தியிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார். நான் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அவர் கோபித்துக்கொண்டதில்லை.

கடையின் பின்சுவரை ஒட்டி ஒரு வீடு விலைக்கு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார். "வேலைக்கு நடக்கக்கூட வேணாம், சுவரேறிக் குதிச்சாப் போதும்" என்று சிரித்தார். அக்காவுக்குக் கீரை போடத் தோட்டம் கிடைத்தது. மகளுக்குத் தனியாகப் பின்னறை கிடைத்தது. எல்லாரையும் விட எனக்குத்தான் பொறாமை.

போன மாதம் ஊரை விட்டுப் போன ஒரு வாடிக்கையாளர், தன் குட்டி ஆமையை அத்தான் தலையில் கட்டிவிட்டுப் போனார். தரையில் வாழும் ஆமை, உள்ளங்கை அளவு. மகள் அதைத் 'தம்பி' என்றாள். ஒரு பழைய மரப்பெட்டி தயாரானது. அதன் அடியில் எதை விரிப்பது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. செய்தித்தாள் போட்டார்கள், கால் வழுக்கியது. கடைத் துண்டை விரித்தார்கள், நகம் நூலில் சிக்கியது. மணலைப் போட்டால் இலையோடு சேர்த்துத் தின்றது. தச்சரிடம் வாங்கிவந்த மரத்தூளில் அதற்குக் கண் வீங்கியது.

கடைசியில் கால்நடை டாக்டரிடம் போனார்கள். "குட்டிக்கு ஈரம் தங்குற மண்ணுதாங்க வேணும். புதைஞ்சு தூங்கும். காய்ஞ்ச தரையில வளர்ந்தா ஓடு மேடும் பள்ளமுமா ஆயிடும். பாதி மண்ணு, பாதி தேங்காய் நார்த்தூள். உரம், மருந்து எதுவும் படாத மண்ணா பாருங்க. ஒரு ஓரத்துல சூட்டுக்கு விளக்கு போடுங்க" என்றார்.

அத்தானுக்கு முகமெல்லாம் பல். "எங்க தோட்டத்து மண்ணு சொக்கத் தங்கம் டாக்டர். உரம்னா என்னன்னே அதுக்குத் தெரியாது." கடைச் சுவரோரம், யாரும் கை வைக்காத மூலையில், ஆழமாகத் தோண்டிக் குளிர்ந்த கறுப்பு மண்ணாக எடுத்துப் போட்டார்.

மறுவாரம் நான் போனபோது ஆமை புதையவில்லை. வாடகைக்கு வீடு பார்க்க வந்து, பிடிக்காமல், உட்கார மறுக்கிற ஆள் மாதிரி தண்ணீர்த் தட்டின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தது. இறக்கிவிட்டால் மறுபடி ஏறியது. நான்கு காலையும் மண்ணில் வைக்க மாட்டேன் என்று அடம். கழுத்தைச் சுவர்ப்பக்கம் நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது. எனக்கு அது பிடிக்கவில்லை.

"புது இடம், பழகிடும்" என்றார் அத்தான்.

மகள் விளக்கைப் போட்டாள். மண் சூடேறியதும் பெட்டிக்குள் முகத்தை விட்டு மோந்தாள். "அப்பா, தம்பி வீட்டுல உங்க வாசனை வருது!"

அவர் சிரித்துக்கொண்டே குனிந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வருஷக்கணக்கில் கடையில் கறை எடுக்கிற மருந்தோடு புழங்கி அவர் மூக்கு எப்போதோ மரத்துவிட்டது. என்னைக் கூப்பிட்டார். நானும் மோந்தேன். லேசான தித்திப்பு, தலையைச் சுற்ற வைக்கும் நெடி. அவர் சட்டையில் எப்போதும் இருப்பது. அந்த வீட்டில் அது வந்தால் அவர் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

"நீங்க பக்கத்துல நிக்கிறீங்க அத்தான். உங்க சட்டைதான்" என்றேன்.

அவர் போய்க் குளித்தார். துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வெளியே தெருவில் நின்றார். "இப்ப மோந்து பாரு."

நெடி அப்படியே இருந்தது. இன்னும் வருது என்று தலையை ஆட்டினேன்.

அவர் தோட்டத்துக்கு ஓடினார். வாசலோரம் ஒரு பிடி, கீரைப் பாத்தியில் ஒரு பிடி, சுவரோரம் ஒரு பிடி. ஒவ்வொன்றாக விளக்கின் கீழ் வைத்து மகளைக் கூப்பிட்டார். அவளுக்கு அது விளையாட்டு. வாசல் மண்ணுக்கு உதட்டைப் பிதுக்கினாள். கீரை மண்ணுக்கு, "கொஞ்சூண்டு அப்பா" என்றாள். சுவரோர மண்ணுக்குக் கை தட்டினாள்.

"என்னதான் ஆச்சு?" என்றேன்.

"மெஷின்ல மிஞ்சுற அழுக்கு மருந்தை அந்தப் பக்கம் ஒரு குழியில ஊத்துவோம். சுவத்தை ஒட்டித்தான். மொதலாளி ஊத்தச் சொன்னாரு, மண்ணு குடிச்சிடும்னாரு. வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து நான்தான் ஊத்துறேன்." கையிலிருந்த மண்ணை உதறிவிட்டு, "அது தோலுல பட்டாலே வெந்துபோகும். மூடின ரூம்ல ரொம்ப நேரம் இருந்தா ஆளையே சாய்ச்சிடும்" என்றார்.

அக்கா சமையலறையில் அந்தப் பாத்திக் கீரையைத்தான் அரிந்துகொண்டிருந்தாள். கொஞ்ச நாளாகக் காலையில் தலைவலி என்று அவள் சொல்லும்போதெல்லாம் கண்ணாடி மாற்று என்று நான் அறிவுரை சொல்லியிருக்கிறேன். பாழாய்ப்போன அறிவுரை.

அத்தான் விளக்கை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். மகளுடைய கட்டிலை நகர்த்தினார். கடைப்பக்கத்துச் சுவர் தரையைத் தொடும் இடத்தில் நீளமாக ஒரு விரிசல். அதன் மேல் விளக்கைப் பிடித்தார். நான் குனியக்கூட வேண்டியிருக்கவில்லை, நின்ற இடத்திலேயே மூக்கில் ஏறியது.

"இங்க பாக்கவே வேணாம்ப்பா" என்றாள் மகள். "இங்க எப்பவுமே உங்க வாசனைதான். அதான் தனியாப் படுத்தாலும் எனக்குப் பயமே இல்ல."

அத்தான் விளக்கை அணைத்தார். ஜன்னலைத் திறந்தார். "இவளையும் உங்க அக்காவையும் உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ, இப்பவே" என்றார். மகளைத் தூக்கக் குனிந்தவர், தன் கைகளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, என்னைத் தூக்கச் சொன்னார்.