கீரைக்கார அக்கா தெளித்த தண்ணீர்

தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் வெயில் ஏறுகிறது. எஸ்.டி.டி. பூத்தில் பேசிவிட்டு வருவதற்குள், என் மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த கீரைக்கார அக்கா, கீரைக்கட்டுக்குத் தெளிக்கும் கையோடு அதற்குள்ளும் தண்ணீர் தெளித்திருக்கிறார். உள்ளே மூன்று மலைகளில் பறித்துக் காயவைத்த காட்டுத் துளசி, காகித உறைகளில்.

"எலயெல்லாம் வாடிக் கீது சார். அதான் தெளிச்சேன்."

பதறிப்போய்ப் பிரிக்கிறேன். எது எந்த மலை இலை என்ற குறிப்பு அழிந்திருந்தால் ஒரு மாத அலைச்சல் வீண். நல்லவேளை, பென்சிலால் எழுதியிருந்தேன். ஓர் எழுத்தும் கரையவில்லை. இலைகள் வரை ஈரம் இறங்கவும் இல்லை. அப்பாடா!

"எல்லாம் ஒரே துளசி தானே? இன்னாத்துக்கு இத்தினி பொட்டலம்?"

உறைகளை வெயிலில் பரப்பியபடி சொல்கிறேன். ரொம்பக் காலம் முன்பு மழை பல்லாயிரம் வருஷம் குறைந்துபோனது. சமவெளியில் செடிகள் கருகின. மலை இடுக்குகளில் மட்டும் பிழைத்தன. இப்படி மலைக்கு மலை பிரிந்து கிடந்ததில் அவற்றின் பரம்பரையே வேறுவேறாகியிருக்கலாம். அதைத்தான் ஆராய்ச்சிக்கூடத்தில் பார்க்கப்போகிறேன்.

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொள்கிறார்.

"அம்மாம் வறட்சியத் தாண்டி வந்த செடி. நான் ரெண்டு கை தண்ணி தெளிச்சதுக்கா சார் இப்படி பேஜாராயிட்டே?"