ஆர்விட் கட்டிய படகு

அமெரிக்காவின் வடமேற்குக் கரையில், அனகார்ட்டஸ் படகுத்துறையின் கடைசி மேடையில் கட்டிக் கிடக்கும் 'கிட்டிவேக்' என்ற படகுதான் தோரா ஹால்வர்சனுக்கு வீடு. மீன்பிடிப் படகின் சாயலில் கட்டிய பழைய ட்ராலர் அது. புருஷன் ஆர்விட் இறந்த பிறகு கரையிலிருந்த வீட்டை விற்றுவிட்டு அதற்குள்ளேயே குடிவந்தாள்.

அந்தப் படகின் கதை தெரியாதவர்கள் துறையில் கிடையாது. எழுபத்தொன்பதாம் வருஷம் தொடங்கி இரண்டு குளிர்காலம், போர்ட் டவுன்சென்டில் ஓட்டைக் கூரைக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, ஆர்விட் தன் கையாலேயே கட்டிய படகு. தோராவுக்கு அப்போது கைக்குழந்தைகள் இரண்டு; நண்டு ஆலையில் இரவு வேலை. ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. "முடிஞ்சப்புறம் பாரு" என்று சொல்லியிருந்தான். வசந்தத்தில் படகோடு வந்து நின்றான். ஒவ்வொரு மே மாதமும் படகுப் பருவம் தொடங்கும் நாளில் துறையே கூடிச் சாப்பிடும்போது, தோராதான் அந்தக் கதையைச் சொல்வாள்.

போன நவம்பரில் துறை நிர்வாகம் புது விதி போட்டது. வருஷக் கடைசிக்குள் இன்சூரன்ஸ் காட்டாத படகு இடத்தைக் காலி செய்ய வேண்டும். இன்சூரன்ஸுக்குப் படகைச் சோதித்துச் சான்று எழுதுவது என் தொழில். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்தச் சான்றில் என் பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் போடுவேன்.

மழையில், படகின் உடலைத் தட்டிப் பார்க்கும் சுத்தியலோடு போனேன். பக்கத்துப் படகிலிருந்து டெல்பர்ட் எட்டிப் பார்த்தார்.

"என்ன காலேஜு, ஆர்விட் வேலையில குத்தம் கண்டுபிடிக்க வந்தியா? தட்டு, தட்டு. உன் சுத்தியல்தான் உடையும்."

உள்ளே தோரா காபி ஊற்றினாள். நான் மறைக்காமல் சொன்னேன். "அம்மா, பட்டறை இல்லாம சொந்தமா கட்டின பழைய படகை எந்தக் கம்பெனியும் எடுத்துக்காது. ஆனா வெறும் உடலை மட்டும் பட்டறையில வாங்கி, மேல்வேலையைத் தானே செஞ்சவங்களும் இருக்காங்க. அப்படி ஏதாவது இருந்தா தப்பிச்சுக்கலாம்."

"தேடு தம்பி. எனக்குப் போக வேற இடமில்ல."

பின்பக்கத்தில், கட்டிய பட்டறையின் எண் இருக்க வேண்டிய இடத்தில் சுரண்டிய தடத்தின் மேல் பூச்சு தடித்திருந்தது. படகின் பெயரை மாற்றுகிறவர்கள் பழைய பெயரின் சுவடே இல்லாமல் சுரண்டி எடுத்துவிடுவார்கள். சுவடு மிஞ்சினால் கடல் பொறுக்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்த மாதிரி வேலை அது. தானே கட்டிய படகுக்குப் பழைய பெயர் ஏது?

பிறகு இழுப்பறைகளை உருவினேன். தேக்குப் பலகைகளின் முதுகில் பென்சிலால் சீன எழுத்து.

"அது மரம் வித்தவன் எழுதினது. ஆர்விட் சொல்லியிருக்கார்" என்றாள்.

படம் எடுத்து, பழைய ட்ராலர் வைத்திருப்பவர்களின் இணையக் குழுவில் போட்டேன். மறுநாள் வான்கூவரிலிருந்து லியுங் என்ற பெரியவர் பதில் எழுதினார்: 'அதில் எழுதியிருப்பது: இடது, பின்பக்கம், முப்பத்தொன்றாம் படகு. தைவானில் காவோசியுங் பட்டறை. என் படகு முப்பத்து மூன்று; இதே கையெழுத்து.' கூடவே அவர் படகின் படம். ஜன்னல் வரிசை, படிக்கட்டு வளைவு, எல்லாம் 'கிட்டிவேக்'தான். மரம் விற்றவனுக்கு எந்தப் பலகை எந்தப் படகின் எந்தப் பக்கம் போகும் என்று தெரியாது.

தோரா படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"அப்போ மேல்வேலையும் அவர் இல்லையா?"

"இல்லம்மா. முழுசா அங்கேயே கட்டினது."

"இன்சூரன்ஸ்?"

"கிடைச்சிடும்."

மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. "கையெல்லாம் வெடிச்சு வருவார் தம்பி. நான்தான் எண்ணெய் தேய்ச்சு விடுவேன். ரெண்டு குளிர்காலமும்." கோப்பையைத் தள்ளி வைத்தாள். "அப்போ அவர் எங்க இருந்தார்?"

நான் சான்றுப் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

"நீ பாக்கலன்னு வெச்சுக்கயேன். அவர் கட்டினதுன்னே எழுதேன்."

"பொய் எழுத முடியாதும்மா. கட்டினது யாருன்னு தெரியலன்னு வேணா எழுதலாம். ஆனா இடம் போயிடும்."

எழுந்து போய் ஆர்விட்டின் தொப்பி மாட்டிய ஆணிக்குக் கீழே நின்றாள். அப்புறம் திரும்பாமலே சொன்னாள்: "இந்த வயசுல எங்க போவேன்? உள்ளதையே எழுது."

எழுதினேன். இன்சூரன்ஸ் வந்தது. 'கிட்டிவேக்' இன்றும் அதே இடத்தில்தான் கட்டிக் கிடக்கிறது.

மே மாதம் எல்லோரும் கூடினோம். சுட்ட சால்மனும் உருளைக்கிழங்கும் தட்டுகளில் ஏறிய பிறகு டெல்பர்ட் கை தட்டினார். "தோரா, ஆரம்பி! கொட்டகை, ஓட்டைக் கூரை, எல்லாம் வரணும்."

"நான் அங்க இல்லையே டெல்பர்ட்" என்றாள் தோரா.

எல்லோரும் சிரித்தார்கள். "சரி, உனக்கு வயசாயிடுச்சு, நானே சொல்றேன்" என்று டெல்பர்ட் தொடங்கினார். வருஷக்கணக்காகக் கேட்டு மனப்பாடம் ஆன கதை. அவள் வார்த்தைகளிலேயே சொன்னார். வெடித்த கைகளைக்கூட விடவில்லை.

தோரா கையில் தட்டோடு நின்று, கடைசிவரைக்கும் கேட்டாள்.