வியாழக்கிழமை பிரேக்

என் அக்கா பஞ்சாலையைக் கல்யாணம் கட்டியவர் தங்கராஜு மாமா. மலாயாவில் கோலா பிலாப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைக்கு டிரைவர். மனுஷருக்கு எப்போதும் பிரேக் நினைப்புதான். கல்யாணமான புதிதில் அக்காவிடம் பேசியதே பிரேக்கைப் பற்றித்தான் என்று நான் கேலி செய்வேன். காரை ஓட்ட யாரும் வரலாம், நிறுத்தத்தான் தனக்குச் சம்பளம் என்பது அவர் கட்சி.

எமர்ஜென்சி வந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் துரைமார் கார்களைச் சுட ஆரம்பித்ததும், தோட்டத்துக்குத் தோட்டம் கார்களுக்கு இரும்புத் தகடு அடித்தார்கள். மாமா ஓட்டியது ஜப்பான் சண்டைக்கு முந்திய கார். பிரேக் கம்பியில் இழுபடுகிற வகை. அதன்மேல் அத்தனை பாரத்தை ஏற்றிவிட்டு, புக்கிட் பூத்துஸ் மலை வளைவுகளில் மெதுவாகப் போகாதே, மெதுவாகப் போனால் சுடுவான் என்று துரை உத்தரவு போட்டார். வேகமாகப் போனால் சுடவே வேண்டாம், நாமே பள்ளத்தில் கிடப்போம் என்று மாமா மனசுக்குள் சொல்லிக்கொண்டு ரெண்டாவது கியரிலேயே இறங்குவார்.

அக்கா தலைப்பிரசவத்துக்கு மலையடியில், பாரோயில், எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். செல்லம்மா பிறந்தாள். அதற்குள் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு, அரிசிக்கு அளவு. துரை டிரைவரின் குடும்பம் என்றால் குறி வைப்பார்கள் என்று பயந்து மாமா அவளைத் திரும்ப அழைத்துப்போகவில்லை. அவருக்கு லீவும் கிடையாது. பிள்ளைக்குப் பேர் வைத்த அன்று ஒரு ராத்திரி தங்கினார், அதோடு சரி. புருஷன் குரல் மறந்துபோய்விடும் போலிருக்கிறது என்று அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னாள். அவள் அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன். அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்.

வியாழக்கிழமை தோறும் துரை சிரம்பானில் கம்பெனி ஆபீசுக்குப் போவார். மலை இறங்கியதும் எங்கள் வாசல் வழிதான். வழியில் எங்கும் கார் நிற்கக் கூடாது. மாமா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மலையில் சூடான பிரேக்கைச் சமதரையில் ஒருமுறை நன்றாக அழுத்திப் பார்க்காமல் டவுனுக்குள் போகக் கூடாது என்று துரையிடம் சொல்லிவைத்தார். அது பொய்யில்லை. ஆனால் அந்தச் சமதரை எங்கள் வாசலாகவே இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கார் வந்து, மெல்ல நின்று, உடனே கிளம்பிவிடும். தகட்டில் வெட்டியிருந்த பிளவில் மாமாவின் கண்கள் மட்டும் தெரியும். அக்கா பிள்ளையைத் தூக்கிக் காட்டுவாள். செல்லம்மா நடக்கக் கற்றதும், நின்ற காரிடம் ஓடிப்போய்த் தகட்டைத் தட்டினாள். அவள் முதன்முதலில் அப்பா என்று சொன்னது அந்தத் தகட்டைப் பார்த்துத்தான். எனக்குப் பாவமாக இருந்தது. அக்காவோ ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், மாமா பிரேக் கட்டைகளைக் கழற்றித் தேய்த்துச் சுத்தம் செய்து கார்க் கொட்டகையில் சாக்கின்மேல் வைத்திருக்கிறார். கொட்டகைக் காவல்காரர் ஆறுமுகம் பூஜைக்காக மண்வெட்டி, பால்வெட்டுக் கத்தி, ஸ்பேனர் எல்லாவற்றையும் துடைத்து நல்லெண்ணெய் பூசினார். பிரேக் கட்டைகளுக்கும் பூசி, சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். மனுஷர் பக்தியாகச் செய்த காரியம், யாரைக் குறை சொல்வது? பூஜை போட்ட பொருளை மறுநாளே பெட்ரோல் ஊற்றிக் கழுவ மாமாவுக்கு மனசு வரவில்லை. துணியால் அழுத்தித் துடைத்து மாட்டிவிட்டார். காரை நிறுத்திப் பார்த்தார், நின்றது. கட்டை குடித்த எண்ணெய் சூடேறினால்தான் வெளியே வரும், வந்தால் பிரேக் வழுக்கும்.

அந்த வியாழன் மலையில் அது சூடேறியது. கார் வரும் சத்தம் கேட்டதும் செல்லம்மா அக்கா கையை உதறிவிட்டு ரோட்டுக்கு ஓடினாள். கார் நிற்கும் என்றுதான் அவளுக்குத் தெரியுமே. கார் நிற்கவில்லை. மாமா கியரை இறக்கி, கைப்பிரேக்கை இழுத்து, கடைசியில் காரை ஒடித்து எதிர்ப்பக்கச் சாக்கடை லோங்காங்கில் இறக்கினார். பிள்ளை ரோட்டு நடுவில் நின்றது, ஒரு கீறல் இல்லை. துரை, காட்டுக்காரன் பாரோய்க்கே வந்துவிட்டான் என்று கைத்துப்பாக்கியை உருவிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

மாமா இறங்கி ஓடிவந்து பிள்ளையை அள்ளினார். அவள் அலறினாள், கையை நீட்டிக் காரைக் காட்டி அப்பா, அப்பா என்றாள். மாமாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"இனிமே வெளிய வந்து நிக்காத, பஞ்சாலை," என்றார். "வண்டி நிக்கும்னு புள்ளைக்கு நாந்தான் பழக்கிட்டேன். எந்த வண்டியையும் அப்படி நம்பக் கூடாதுலா."

"அப்ப நீங்க புள்ளைய எப்படிப் பாப்பீங்க?" என்றாள் அக்கா.

மாமா பிள்ளையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, லோங்காங்கிலிருந்து காரைத் தூக்க ஆள் கூப்பிடப் போனார்.

டவுன் பட்டறையில் புதுக் கட்டை போட்டார்கள். சோதிக்கும் இடத்தையும் மாமா மாற்றிக்கொண்டார், வீடுகளே இல்லாத மலையடி வளைவுக்கு. தோட்டத்து முள்வேலியை எடுக்கும்வரை அந்தக் கார் எங்கள் வாசலில் நிற்கவில்லை.

அடுத்த வியாழன் அக்கா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். செல்லம்மா கதவைக் குத்திக் குத்தி அழுதாள். நான் போய் எட்டிப் பார்க்கவா என்றேன், அக்கா வேண்டாம் என்று தலையாட்டினாள். கார் வந்தது. வேகம் கூடாமல் குறையாமல், ஒரே சீராக எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. சத்தம் தேய்ந்து மறையும்வரை அக்கா கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாத்தான் ஓட்டுறாரு," என்றாள்.