ஞாயிற்றுக்கிழமை மாத்திரையும் நான் அழித்த வரிகளும்

நானும் என் மனைவியும் தனித்தனியே நினைவுகூர்ந்து எழுதி, ஒத்துவந்தவற்றை மட்டுமே இங்குத் தருகிறேன். குருதிப் பரிசோதனைத் தாள்கள் இரண்டு கைவசம் உள்ளன. அவற்றோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒருவர் நினைவில் மட்டும் இருந்ததை விட்டுவிட்டேன். இவ்வளவு கண்டிப்பு எதற்கென்றால், இங்கு நேர்ந்த தவறே ஒரு பதிவை நான் அழித்ததில் இருக்கிறது. இல்லாத பதிவை ஊகத்தால் நிரப்பினால் அதே தவறை இரண்டாம் முறை செய்தவனாவேன்.

ஓய்வு பெற்று அறந்தாங்கியில் குடியேறியதிலிருந்து வீட்டு வேலைகளைக் கணினியில் ஓர் எளிய உரைக்கோப்பில் எழுதி வருகிறேன். ஒரு வேலைக்கு ஒரு வரி. வரியின் இறுதியில் அதைச் செய்ய வேண்டிய நாள். வேலை முடிந்ததும் வரியின் முன்னே ஒரு பெருக்கல் குறி இடுவேன். மீண்டும் மீண்டும் வரும் வேலையானால், சிறு நிரல் ஒன்று அடுத்த நாளைக் கணித்துப் புது வரி எழுதும். முடிந்த வரியைக் கோப்பின் அடியில் சேர்த்துவைக்கும்.

இந்த அமைப்பில் நான் இரண்டு மாற்றங்கள் செய்தேன். அடுத்த நாளை, வேலை முடிந்த நாளிலிருந்து எண்ணாமல், முதலில் குறித்த நாளிலிருந்தே எண்ணும்படி வைத்தேன். ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றைத் தாமதமாகக் கொடுத்தாலும் மறு ஆண்டின் கெடு தள்ளிப்போவதில்லை அல்லவா? எல்லா வேலைக்கும் அதுவே முறை என்று கொண்டேன். முடிந்த வரிகளை அடியில் சேர்ப்பதையும் நிறுத்தினேன். ‘தண்ணீர்த்தொட்டி கழுவுதல்’ என்னும் தொடர் இருபது முறை அடுக்கியிருப்பது கூறியது கூறல் என்னும் குற்றமாகவே எனக்குப் பட்டது. பழைய நாளின் மேலேயே புது நாள் எழுதப்பட்டது. கோப்பு எப்போதும் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. அதில் எனக்குப் பெருமை.

என் மனைவிக்கு முடக்குவாதம். சில ஆண்டுகளாக எடுத்துவரும் மாத்திரையை வாரம் ஒருமுறை, ஞாயிறன்று, உணவுக்குப் பின் எடுக்க வேண்டும். அடிக்கடி எடுத்தால் நஞ்சாகும். விரல் மூட்டுகள் வீங்கியிருப்பதால் அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்க அவளால் இயலாது. ஆகவே கோப்பைப் பார்த்து எடுத்துக் கொடுப்பவன் நான்.

ஐப்பசியில் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும் தவிர அவள் வேறெதுவும் உண்பதில்லை. இந்தத் தவறு நேர்ந்த ஆண்டு விரதம் ஒரு சனிக்கிழமை தொடங்கியது. ஞாயிற்று மாத்திரையை நிறுத்திவைத்து, விரதம் முடித்த வெள்ளியன்று, நண்பகல் உணவுக்குப் பின் கொடுத்தேன், குறியும் இட்டேன். நிரல் தன் விதிப்படி முந்தைய ஞாயிற்றிலிருந்து ஏழு நாள் எண்ணியது. மறுநாளுக்கு மறுநாள் அந்த வரி மீண்டும் வந்து நின்றது.

“முந்தாநேத்துத்தானங்க போட்டேன்? மறுபடியுமா?” என்றாள்.

“அன்னைக்குப் போட்டது போன வாரத்துது. இது இந்த வாரத்துது.”

“மாத்திரைக்கும் அரியர்ஸ் போட்டுக் குடுக்குறீங்களாக்கும்” என்று சிரித்துக்கொண்டே வாங்கி விழுங்கினாள். அந்தச் சிரிப்பு இருவர் குறிப்பிலும் இருக்கிறது.

வியாழனன்று வாய்ப்புண் கண்டது. “மோருகூடச் சுருக்குங்குதுங்க” என்றாள். சனிக்கிழமை புதுக்கோட்டைக்குப் பேருந்தில் அழைத்துச் சென்றேன். பரிசோதனைத் தாளில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை கீழ் வரம்புக்கும் கீழே இருந்தது.

“கடைசியா என்னைக்கும்மா போட்டீங்க?” என்று மருத்துவர் கேட்டார். இளம்பெண், மெதுவாகப் பேசுபவர்.

“ஞாயித்துக்கெழம.”

“அதுக்கு முன்னாடி?”

“வெள்ளிக்கெழம.”

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். “ரெண்டு நாள்லயா? யாரு குடுத்தா?”

அவள் என் பக்கம் திரும்பவில்லை. “நாந்தான் மறந்துபோயிப் போட்டுட்டேன்.”

“இல்லம்மா. நான்தான் குடுத்தேன்” என்றேன்.

“சரிங்கய்யா. இதுக்கு முன்னாடியும் இப்படி ஆயிருக்கா? போட்ட தேதியெல்லாம் எழுதி வச்சிருக்கீங்களா?”

கைபேசியிலும் வைத்திருந்த அந்தக் கோப்பைத் திறந்து நீட்டினேன். மாத்திரைக்கு ஒரே வரி. மறுநாள் ஞாயிற்றின் தேதி.

“பழைய தேதியெல்லாம்?”

“அழிச்சிட்டேன்.”

மாத்திரையை நிறுத்தச் சொன்னார். வீடு திரும்பியதும் வெற்று அட்டைகளை எடுத்து எண்ணினேன். வாரத்துக்கு ஒன்றாகக் கணக்குச் சரியாகவே வந்தது. சற்று நேரம் ஆறுதலாக இருந்தது. பிறகுதான் புரிந்தது: பிந்திப் போட்டதை அடுத்து ஞாயிற்றுக்கு உரியதையும் தவறாமல் கொடுத்திருந்தால் கணக்கு எப்போதும் சரியாகத்தான் வரும். இடைவெளியை அட்டை சொல்லாது.

மூன்று வாரம் மாத்திரையின்றிக் கழிந்தது. புண் ஆறியது, விரல்கள் மீண்டும் வீங்கின. கரண்டி பிடிக்க முடியவில்லை. அவளுக்குத் தலை பின்னிவிடுவது என் வேலையாயிற்று.

“கோணலாப் போவுது, இங்கிட்டு இழுங்க” என்பாள். ஒரு நாள், “இதையும் ஒங்க லிஸ்ட்ல எழுதுங்க. முடிஞ்சதும் அழிச்சிறாதீங்க” என்றாள்.

அன்றே நிரலைத் திருத்தினேன். இப்போது வரிகள் இருவகை. உயிர்வாழ் சான்று போன்றவை குறித்த நாளிலிருந்து எண்ணப்படும். மாத்திரையும் தொட்டி கழுவுதலும் உண்மையில் முடிந்த நாளிலிருந்து எண்ணப்படும். முடிந்த வரிகள் நாளோடு அடியில் நிற்கின்றன. கோப்பு இப்போது பல பக்கம் நீள்கிறது. நிரலின் மேல் முழு நம்பிக்கை வைக்காமல் அவள், மாத்திரை கொடுத்த நாளை நாட்காட்டியிலும் வட்டமிடச் சொல்லி, இட்டேனா என்று பார்க்கிறாள்.

இரண்டாம் பரிசோதனையில் வெள்ளணுக்கள் வரம்புக்குள் வந்தன. மருத்துவர் குறைந்த அளவில் மாத்திரையை மீண்டும் தொடங்கினார். ஏழு நாளுக்குக் குறையாமல் இடைவெளி இருந்தால் எந்தக் கிழமையும் ஆகலாம் என்றார். இப்போது அது வியாழக்கிழமை மாத்திரை.

அந்த வாய்ப்புண்ணுக்கு இரண்டு நாள் இடைவெளி மட்டுமே காரணமா என்பதை மருத்துவர் உறுதியாகக் கூறவில்லை. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளின் நாட்காட்டிகளைப் பார்த்தேன். அவ்விரு கந்த சஷ்டி விரதங்களிலும் ஒரு ஞாயிறு இருந்தது. அந்த ஞாயிறுகளின் மாத்திரையை எந்த நாளில் கொடுத்தேன், அடுத்ததை எத்தனை நாள் கழித்துக் கொடுத்தேன் என்பது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.