மாலை போட்ட லட்சுமிக்குத் திறக்காத கதவு

அன்று அந்தக் கேமராவின் கண்ணுக்கு எங்கள் பசு லட்சுமி என்னவாகத் தெரிந்தாள்? இன்னும் எனக்கு விளங்கவில்லை.

மலேசியாவில், சிடாம் கிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மாட்டுத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. இரண்டு வயது மகள் அதில் விழுந்துவிடுவாளோ என்று நான் பயந்துகொண்டே இருந்ததால், கூலிம் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் கணவர் சுற்றிலும் வேலி போட்டு, கேமரா வைத்த கதவும் அமைத்தார். மாட்டைப் பார்த்தால் கதவு தானாகத் திறக்கும். ஆளையோ காட்டுப்பன்றியையோ பார்த்தால் திறக்காது.

மாட்டுப் பொங்கலன்று லட்சுமியைக் குளிப்பாட்டி, கொம்புக்குச் சிவப்புச் சாயம் அடித்து, முகம் நிறைய மஞ்சள் பூசி, பெரிய மாலையும் போட்டேன். மத்தியானம் முழுக்க அவள் கத்திக்கொண்டே இருந்தாள்.

“கன்னு போடற மாசம்மா, அப்படித்தான் கத்தும்,” என்றார் மாமியார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. போய்ப் பார்த்தால், சினை மாடு மூடிய கதவின் முன் நாக்குத் தொங்க நிற்கிறது! பதறிப்போய் வேலையிலிருந்த கணவரை அழைத்தேன்.

“மாலைய கழட்டு லா! மூஞ்சிய கழுவு! கேமராவுக்கு நம்ம பொங்கலெல்லாம் எங்க தெரியும்?”

அப்படியே செய்தேன். கதவு திறந்தது. லட்சுமி தலையைத் தூக்காமல் குடித்தாள்.

இப்போது விசேஷ நாட்களில் வேலிக்கு வெளியே நானே வாளியில் தண்ணீர் காட்டுகிறேன். அலங்கரித்த மாட்டின் படங்களையும் கேமராவுக்குக் கொடுத்துப் பழக்கிவிடலாம் என்கிறார் கணவர். ஆனால் என் மகள் லட்சுமியின் மாலையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிகிறவள். மாலை போட்டதெல்லாம் மாடு என்று கேமரா கற்றுக்கொண்டால்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன், பழக்கலாமா, வேண்டாமா?