டைரக்டர் வெட்டிய கிளை

என் அக்கா வீட்டுக்காரரைத் தெருவே ‘டைரக்டர்’ என்றுதான் கூப்பிட்டது. கேலி என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. பட்டம் என்று நினைத்துத் தலையை லேசாக அசைத்து ஏற்றுக்கொள்வார்.

குடிநீர் அலுவலகத்தில் மேலதிகாரியாக இருந்தவர். மேஜை மணியைத் தட்டினால் யாராவது ஓடிவந்து நிற்பார்கள். ஓய்வுபெற்ற பிறகு ஓடிவர அக்காவைத் தவிர ஆளில்லை. அப்போதுதான் அவர் கண்ணில் தோட்டத்துக் குருவிகள் பட்டன. பாவப்பட்ட ஜென்மங்கள்.

முதலில் குழல் மாதிரி நீண்ட லென்ஸோடு பெரிய கேமரா ஒன்று வந்தது. அத்தான் அதைக் கண்ணில் வைத்துத் திருகி முடிப்பதற்குள் குருவி அடுத்த தெருவுக்குப் போய்விடும். பிறகு, ஏதாவது அசைந்தால் தானே படம் பிடிக்கும் கேமராவை மரத்தில் கட்டினார். அதில் பக்கத்து வீட்டுப் பூனையும், காற்றில் ஆடும் இலையும், துணி காயப்போடும் அக்காவின் முதுகும் விழுந்தன. அக்கா துணி காயப்போடுவதற்குத் தடை வந்தது. மூன்றாவதாக, மரக்கூண்டு செய்து உள்ளே குட்டிக் கேமராவைப் பொருத்தினார். அதில் எறும்பு குடிவந்தது.

குறை யாரிடம் என்று நினைக்கிறீர்கள்? குருவிகளிடம்தான். ஒத்துழைப்பே இல்லையாம்.

ஒருநாள் வேலிச்செடிக்குள் கொண்டைக்குருவி ஒன்று கூடு கட்டியது. முதலில் பார்த்தது அக்காதான். குஞ்சு பொரித்ததும் வாய் தவறி அவரிடம் சொல்லிவிட்டாள். மறுநாளே கூட்டுக்கு எதிரில் கம்பு நட்டு, அதன் நுனியில் குட்டிக் கேமராவை மாட்டினார். அப்போதும் இலை மறைத்தது. அக்காவின் தையல் கத்தரிக்கோலை எடுத்துப்போய்க் கூட்டை மூடியிருந்த கிளைகளைக் கத்தரித்தார். வெளிச்சம் நன்றாக விழுந்தது. காகத்துக்கும் நன்றாகத் தெரிந்தது. மறுநாள் காலையில் கூடு காலி.

அதை அவர் படமாக எடுத்துவிட்டார் என்பதுதான் அவருக்கு முக்கியம். காகம் கூட்டுக்குள் குனிவதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். மரத்தில் கட்டிய கேமராவிலோ அவரே கத்தரியும் கையுமாக நிற்பது தெளிவாக விழுந்திருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, “இதையும் சேர்த்துப் போடுங்க” என்றாள்.

“எடிட்டிங்ல அது தேவைப்படாது” என்றார் அத்தான்.

எங்கள் பகுதி நூலகக் கூடத்தில் படத்தைத் திரையிட்டார்கள். நானும் போயிருந்தேன். பின்னணியில் அவர் குரலே தழுதழுத்தது. தாய்மை, இழப்பு, இயற்கையின் இரக்கமின்மை என்று ஒன்றையும் விடவில்லை. வீட்டில் அக்கா காய்ச்சலில் கிடந்தபோதுகூட அந்தக் குரல் தழுதழுத்து நான் கேட்டதில்லை. கைதட்டல் ஓய்ந்ததும் எங்கள் தெருப் பல் டாக்டர் எழுந்து, அவ்வளவு மறைவான வேலியில் காகம் எப்படிக் கண்டுபிடித்தது என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு இயற்கையின் விதிகளைப் பற்றி ஆரம்பித்தார்.

அக்கா எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்ததில்லை.

“இலை மறைக்குதுன்னு இவர்தான் கிளையை வெட்டினார். அந்த வீடியோவும் வீட்டுல இருக்கு” என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

அத்தான் சிரிக்க முயன்றார். “அது... குடும்ப விஷயம்” என்றார். அப்போதுதான் கூடமே சிரித்தது.

திரும்பும் வழியெல்லாம் கலையைப் புரிந்துகொள்ளாத மனைவியைப் பற்றி என்னிடம் புலம்பினார். குஞ்சுகளைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அக்கா எங்களை விட்டு முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.

அடுத்த பருவத்தில் கொண்டைக்குருவி பல் டாக்டர் வீட்டு வேலியில் கூடு கட்டியது. செய்தி காதில் விழுந்ததும் அத்தான் கம்பும் கேமராவுமாகக் கிளம்பிப் போனார். டாக்டர் கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடியே, பல்லில் ஏதாவது வலியா என்று மரியாதையாகக் கேட்டாராம்.